கண்ட 'டியூப்'பை தடவாதீங்க... நகம், முடி, தோல் பிரச்சினைக்கு டாக்டரிடம் எப்போ போகணும்?

அரியலூர்:-

சாயங்காலம் வேலை முடிந்து பஸ்சை விட்டு இறங்குகிறார் ஒரு கொத்தனார். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரல் இடுக்கில் புண். நேராக மெடிக்கல் ஷாப்புக்கு போய், "அண்ணே, அரிப்புக்கு நல்ல டியூப்பா ஒண்ணு கொடுங்க" என்கிறார். கடைக்காரரும் ஒன்றை எடுத்து நீட்டுகிறார். தடவியதும் 2 நாளில் அரிப்பு நின்று விடுகிறது. "அடடா, நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்கிறார். டியூப் தீர்ந்த 4-வது நாள் அரிப்பு முன்னை விட இரண்டு மடங்காக வந்து நிற்கிறது.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இந்த கதை தெருவுக்கு தெரு நடக்கிறது. காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரை பார்க்கும் ஜனங்கள், தோலில் வந்தால் மட்டும் "இது என்ன பெரிய வியாதியா?" என்று விட்டு விடுகிறார்கள். ஆனால் கை போனால் கூலி போச்சு. சில நேரம் சாதாரண தேமல் போல தெரிவது, விரல்களையே முடக்கும் வியாதியின் முதல் அடையாளமாக இருக்கும்.

எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு தோல் டாக்டரிடம் போக வேண்டும், போனால் என்ன செய்வார்கள்? அதுபற்றிய விவரம் வருமாறு:-

சிமெண்டு கை

அரியலூர் என்றாலே சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும்தான். ஆலையில் வேலை பார்ப்பவர்களை விட, கலவை போடும் சித்தாள்களுக்கும் பூச்சு வேலை செய்யும் கொத்தனார்களுக்கும்தான் சிமெண்டால் தோல் அதிகம் பாதிக்கும். காரணம், சிமெண்டு தண்ணீரோடு சேரும்போது கடும் காரத்தன்மை அடைகிறது. நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் மேல் மணிக்கணக்கில் ஈர சிமெண்டு ஒட்டியிருந்தால் தோல் அரிந்து போகும்.

இதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, வெறும் எரிச்சல். கை வறண்டு, தோல் உரிந்து, வெடிக்கும். சில நாள் வேலைக்கு போகாமல் இருந்தால் குறையும்.

இரண்டாவது, ஒவ்வாமை. அதாவது 'அலர்ஜி'. சிமெண்டில் மிக சிறிய அளவில் கலந்திருக்கும் குரோமியம் என்ற உலோகம்தான் இதற்கு காரணம். 10 வருஷம் சிமெண்டில் புழங்கியவருக்கு திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும். "இத்தனை நாள் வராதது இப்ப எப்படி வரும்?" என்று கேட்பார்கள். அப்படித்தான் வரும். ஒருமுறை உடம்பு அதை எதிரியாக நினைத்து விட்டால், பெரும்பாலும் ஆயுசுக்கும் அந்த நினைப்பு போகாது. கொஞ்சம் பட்டாலும் கொப்பளம், நீர் வடிதல், தாங்க முடியாத அரிப்பு. ஐரோப்பிய நாடுகளில் 2005-ம் ஆண்டு முதல் சிமெண்டில் இந்த குரோமியத்தின் அளவுக்கு கடும் கட்டுப்பாடு போட்டு விட்டார்கள். இரும்பு சல்பேட் கலந்து அதன் வீரியத்தை குறைக்கிறார்கள்.

மூன்றாவது, சிமெண்டு தீக்காயம். ரப்பர் பூட்சுக்குள் கலவை புகுந்து விடும். அல்லது தரையில் முட்டி போட்டு வேலை செய்யும்போது பேண்ட் நனைந்து விடும். அப்போது வலிக்காது. அதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்து பார்த்தால் தோல் வெந்து கருகி இருக்கும். உடனே நனைந்த துணியை கழற்றி, ஓடும் சுத்தமான தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். வேறு எதையும் தடவாமல் ஆஸ்பத்திரிக்கு போய்விட வேண்டும்.

துணி கையுறை போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சி சிமெண்டை தோலோடு கட்டி வைக்கும். வெறும் கையை விட மோசம். உள்ளே நனையாத ரப்பர் கையுறைதான் சரி. வேலை முடிந்ததும் சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுவது நல்லது. கை கழுவ மண்எண்ணெய் கூடவே கூடாது.

முந்திரி, பார்த்தீனியம்

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பக்கம் முந்திரி காடுகள் அதிகம். முந்திரி கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய், சேங்கொட்டை பால் போல தோலை பொசுக்கும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கருத்து, தோல் உரிவது இதனால்தான். கையுறை போடாமல் உடைப்பவர்கள் அந்த கையோடு முகத்தை, கண்ணை தொடக்கூடாது.

காட்டு வேலைக்கு போகும் வயதானவர்களுக்கு கழுத்து, முகம், கண் இமை, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் மட்டும் தோல் தடித்து கருத்து அரித்தால், பார்த்தீனியம் செடி காரணமாக இருக்கலாம். வெள்ளை வெள்ளையாக சின்ன பூ பூத்து, ரோட்டோரம் எல்லாம் முளைத்து கிடக்குமே, அதுதான். 1955-ம் ஆண்டு புனேயில் கண்டறியப்பட்ட இந்த செடி, இப்போது நாடு முழுக்க பரவி விட்டது. செடியை தொடவே வேண்டாம், அதன் தூள் காற்றில் வந்து பட்டாலே போதும். இதை 'வெயில் ஒத்துக்கலை' என்று பல வருஷம் நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு.

படர்தாமரையும் 'பவர்' டியூப்பும்

இன்று தோல் டாக்டர்களை தேடி வருவோரில் பெரும் கூட்டம் படர்தாமரைக்காரர்கள்தான். தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் என்று வட்ட வட்டமாக பரவும். இது பூஞ்சை காளான். வியர்வையும் இறுக்கமான துணியும் அதற்கு விருந்து.

கடையில் கேட்டு வாங்கும் பல டியூப்களில் பூஞ்சை மருந்தோடு 'ஸ்டீராய்டு' மருந்தும் கலந்திருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் டியூப்பில் பொடி எழுத்தில் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கி விடும். ஆனால் அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்து அடக்கி விடும். வெளியே வியாதி ஆறியது போல இருக்கும், உள்ளே பூஞ்சை கொண்டாட்டமாக வளரும். மருந்தை நிறுத்தியதும் 'குபீர்' என்று கிளம்பும்.

மாதக்கணக்கில் தடவினால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து, வெள்ளை வெள்ளையாக கோடு விழும். அந்த கோடு பிறகு மறையவே மறையாது. முகத்தில் 'சிகப்பழகு'க்காக இதே டியூப்பை தடவும் பெண்களுக்கு பரு, முடி வளர்தல், முகம் சிவந்து எரிதல் எல்லாம் வரும். வெயிலில் தலை காட்ட முடியாது.

இந்த தொல்லை பெருகியதால்தான், 2018-ம் ஆண்டு மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. ஆனால் "அந்த டியூப் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மருந்துக்கு சுலபத்தில் அடங்காத பூஞ்சை வகையும் இந்தியாவில் பரவி இருக்கிறது. 2020-ம் ஆண்டு அதற்கு வைத்த பெயரிலேயே 'இந்தியா' ஒட்டிக்கொண்டு இருக்கிறது. டிரைகோபைட்டன் இன்டோட்டினியே என்பது அதன் பெயர்.

படர்தாமரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை:-

* டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தக்கூடாது. தோல் பளிச்சென்று ஆன பிறகும் சில வாரம் தொடர வேண்டி இருக்கும்.

* வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ, அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு சுற்றிக்கொண்டே இருக்கும்.

* துண்டு, சோப்பு, லுங்கி தனித்தனியாக இருக்கட்டும். உள்ளாடையை வெந்நீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போட வேண்டும்.

* ஈரமான அரைஞாண் கயிறு பூஞ்சைக்கு நிரந்தர வீடு. சிகிச்சை முடியும்வரை அதை கழற்றி வைப்பது நல்லது.

* அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரை அளவை பார்த்து விட வேண்டும்.

இரவில் மட்டும் அரிப்பு

பகலில் சும்மா இருந்து, படுத்ததும் அரிப்பு வாட்டுகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் பக்கம் சின்ன சின்ன கொப்பளமா? வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா? அப்படியானால் சிரங்காக இருக்கலாம். கண்ணுக்கு தெரியாத பூச்சி தோலுக்குள் குடைவதால் வருவது இது. இதற்கு கழுத்துக்கு கீழே உடம்பு முழுக்க ஒரு இரவு தடவும் மருந்து உண்டு. அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் போகாது. வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி தடவ சொல்வார்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டர் சொல்படிதான் செய்ய வேண்டும்.

அரிக்காத தேமல்தான் ஆபத்து

அரிக்கிற தேமலுக்கு ஜனங்கள் ஓடுகிறார்கள். ஆனால் அரிக்காத, வலிக்காத, தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமலுக்குத்தான் முதலில் ஓட வேண்டும்.

வெளிறிய அல்லது செம்பு நிறத்தில் ஒரு படை. அந்த இடத்தில் வியர்க்காது. முடி உதிர்ந்திருக்கும். பேனா முனையால் தொட்டாலும், சூடு பட்டாலும் தெரியாது. இது தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். "அதெல்லாம் இப்ப இல்லையே" என்று நினைக்க வேண்டாம். 2005-ம் ஆண்டு இந்தியா, தொழுநோய் பொது சுகாதார பிரச்சினை என்ற நிலையை தாண்டி விட்டதாக அறிவித்தது. அதற்கு அர்த்தம், 10 ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதுதான். நோய் அடியோடு ஒழிந்து விட்டது என்று அர்த்தம் இல்லை.

இந்த நோயில் விரல்கள் அழுகி விழுவதாக ஒரு பயம் உண்டு. 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் இதை கூர்ந்து கவனித்தார். கிருமி விரலை தின்பதில்லை. நரம்பு செத்து, வலி தெரியாமல் போவதால், சூடும் காயமும் பட்டு பட்டு விரல் தேய்கிறது என்று விளக்கினார். ஆகவே நரம்பு கெடும் முன் மருந்து ஆரம்பித்து விட்டால் ஊனமே வராது.

மருந்து அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். 5 படைகள் வரை இருந்தால் 6 மாதம், அதற்கு மேல் என்றால் 12 மாதம் மாத்திரை. மருந்தை ஆரம்பித்ததும் மற்றவர்களுக்கு பரவுவது நின்று விடும். வேலைக்கு போகலாம், குடும்பத்தோடு இருக்கலாம்.

பால் போல வெளுத்த வெண்புள்ளி வேறு விஷயம். அதில் தொடு உணர்ச்சி நன்றாக இருக்கும். யாருக்கும் ஒட்டாது. அதை 'வெண்குஷ்டம்' என்று சொல்வதே தப்பு. குஷ்டத்துக்கும் அதற்கும் எந்த சம்பந்தமும் இல்லை. இந்த ஒரு தப்பான பேச்சால் நின்று போன கல்யாணங்கள் எத்தனையோ.

நகம் சொல்லும் சேதி

கொக்கு பறந்தால் நகத்தில் பூ போட்டதாக பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். அந்த வெள்ளை புள்ளிக்கு கால்சியம் குறைவு காரணம் இல்லை. எங்கோ லேசாக இடித்துக்கொண்டதன் தழும்பு. நகம் வளர வளர தானாக போய்விடும். ஆனால் மற்ற சில மாற்றங்களை அலட்சியம் செய்யக்கூடாது.

* நகம் மஞ்சளாகி, தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். ஆனால் கெட்டுப்போன நகமெல்லாம் பூஞ்சை அல்ல. சோரியாசிஸ் நோயிலும் இப்படி ஆகும். குண்டூசியால் குத்தியது போல குழி குழியாக இருந்தால் அதன் அடையாளமாக இருக்கலாம்.

* நகத்தை சுற்றி வீங்கி சிவப்பது நகச்சுற்று. ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர், துணி துவைப்பவர் ஆகியோருக்கு அதிகம் வரும். எலுமிச்சம்பழத்தை விரலில் சொருகி வைத்து நாள் கடத்தினால், சீழ் கோர்த்து விட்ட பிறகு கீறித்தான் எடுக்க வேண்டி வரும். கையை ஈரம் இல்லாமல் வைப்பதே பாதி மருந்து.

* நகம் ஸ்பூன் போல குழிந்தால் ரத்தசோகை இருக்கலாம்.

* ஒரே ஒரு நகத்தில், முக்கியமாக கட்டை விரலில், கருப்பு கோடு விழுந்து நாளுக்கு நாள் அகலமானால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். உள்ளங்காலில் புதிதாக வந்து வளரும் கருப்பு மச்சமும் அப்படித்தான். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்து கொள்வது நல்லது.

கை நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லி மீட்டர்தான் வளரும். முழு நகமும் மாற 6 மாதம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல். எனவே நக சிகிச்சையில் "ஒரு வாரம் சாப்பிட்டேன், கேக்கலையே" என்று டாக்டரை மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை.

முடி கொட்டினால்...

தினமும் 50 முதல் 100 முடி கொட்டுவது சாதாரணம். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்து 2, 3 மாதம் கழித்து கொத்து கொத்தாக கொட்டும். பிரசவத்துக்கு பிறகும் அப்படித்தான். "பச்ச ஒடம்புக்காரிக்கு முடியெல்லாம் போச்சே" என்று பதற வேண்டாம். சில மாதத்தில் திரும்ப முளைக்கும். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காசு அளவுக்கு வட்டமாக வழுக்கை விழுந்தால் புழுவெட்டு என்கிறோம். அதில் புழு எதுவும் கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரை தவறாக தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயத்தை தேய்த்ததும் முளைத்தது என்பார்கள். சின்னதாக விழும் புழுவெட்டு பல பேருக்கு தானாகவே முளைத்து விடும் என்பதுதான் விஷயம். கண்டதை அரைத்து தேய்த்து தோலை புண்ணாக்கிக்கொள்ளக்கூடாது. பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழந்தையின் தலையில் செதில் செதிலாக உதிர்ந்து, முடி உடைந்து, திட்டாக வழுக்கை விழுந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு தடவும் மருந்து மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். தாமதித்தால் சில பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகும்.

தலைக்கு 'டை' அடித்த பிறகு நெற்றி, கண் இமை வீங்கினால் மறுபடி அதை தொடக்கூடாது. முதல்முறை போடுபவர்கள் 2 நாள் முன்பே காதுக்கு பின்னால் துளி தடவி பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்?

பலருக்கு இதுவே பெரிய பயம். உண்மையில் தோல் வியாதியில் பாதி, பார்த்தும் கேட்டும் தெரிந்து விடும். தோலை லேசாக சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று அன்றைக்கே தெரியும். வலிக்காது. அலர்ஜி சந்தேகம் என்றால் முதுகில் சிறு சிறு ஒட்டு போட்டு, 2 நாள் கழித்து எடுத்து பார்ப்பார்கள். இந்த வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. அபூர்வமாக, மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு தோலை எடுத்து சோதனைக்கு அனுப்புவார்கள்.

போகும்போது செய்ய வேண்டியவை:-

* இதுவரை தடவிய டியூப், சாப்பிட்ட மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து செல்லுங்கள். "திட்டுவாரே" என்று மறைக்க வேண்டாம்.

* மஞ்சள், களிம்பு, நகப்பூச்சு, மருதாணி எதுவும் இல்லாமல் போங்கள்.

* வந்து வந்து மறையும் தடிப்பை செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

* என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை கட்டாயம் சொல்லுங்கள். சிமெண்டா, முந்திரியா, வயல் வேலையா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

* தொடை இடுக்கு, பிறப்புறுப்பு பகுதியில் என்றால் கூச்சப்பட வேண்டாம். தோல் டாக்டர் படிப்பிலேயே பாலியல் நோய்களும் சேர்த்திதான். பெண்கள், பெண் டாக்டர் அல்லது நர்ஸ் உடன் இருக்கும்படி கேட்கலாம்.

டாக்டரா, போலியா?

'தோல் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்தவர் எல்லாம் தோல் டாக்டர் அல்ல. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு மேல் தோல் பிரிவில் எம்.டி., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. முடித்திருக்க வேண்டும். மருந்து சீட்டில் பதிவு எண் இருக்கும். ஒரே நாளில் குணம், பெயர் எழுதாத டப்பா களிம்பு என்றால் உஷார்.

எங்கே போவது?

முன்பெல்லாம் இங்குள்ளவர்கள் பெரிய சிகிச்சைக்கு திருச்சி அல்லது தஞ்சாவூர் பஸ் ஏறினார்கள். 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக்கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. அங்குள்ள ஆஸ்பத்திரியிலும், பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை ஆஸ்பத்திரியிலும் காலையில் புறநோயாளிகள் சீட்டு வாங்கி காட்டலாம். காசு கிடையாது. ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டினாலும், தேவைப்பட்டால் அவர்களே எழுதி அனுப்புவார்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டலாம். சந்தேகம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது.

உடனே ஓட வேண்டிய நேரம்

வலிப்பு மாத்திரை, சல்பா மாத்திரை, யூரிக் அமில மாத்திரை என்று ஏதாவது புதிதாக சாப்பிட்ட சில வாரத்துக்குள் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, உடம்பில் வலியோடு சிவந்த தடிப்பு, தோல் உரிதல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. அது உயிருக்கே ஆபத்தான மருந்து ஒவ்வாமை. "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை வைத்து வீட்டில் படுக்க வைக்காமல், 108-ஐ கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும். சாப்பிட்ட மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்து செல்ல வேண்டும். அதேபோல முகம், உதடு வீங்கி மூச்சு திணறினாலும் உடனே ஓட வேண்டும்.

மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் போகாத எந்த தோல் மாற்றத்தையும் ஒருமுறை காட்டி விடுவது நல்லது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. கை நன்றாக இருந்தால்தானே மறுநாள் கரண்டியை பிடிக்க முடியும்!